512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸோடு உபுண்டு: எத்தனை பார்ட்டிஷன், எவ்வளவு இடம்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கூடவே வந்த விண்டோஸ் 11. டேலியும் ஆபீஸும் அதில் ஓடுகின்றன. சி டிரைவில் 90 ஜிபி வரை நிரம்பியிருக்கிறது. மீதி இடத்தில் உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டு புரோகிராமிங் பழக வேண்டும். சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்தால்தான் வேகம் என்கிறார் கடைக்காரர். ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) வைத்தால் எஸ்எஸ்டி சீக்கிரம் போய்விடும் என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது, எந்தப் பார்ட்டிஷனுக்கு எத்தனை ஜிபி கொடுப்பது? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ட்டிஷன் பிரிப்பது எஸ்எஸ்டியின் வேகத்தையும் ஆயுளையும் தொடுமா என்பது ஒன்று. பின்னால் கையைப் பிசையாமல் அளவுகளை எப்படி முடிவு செய்வது என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: தொடாது. இரண்டாவதில் கணக்கு பாதி, உங்கள் பழக்கம் பாதி. ஆனால் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டிலும் அல்ல. சி டிரைவைச் சுருக்கும் இடத்திலும், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷனிலும்தான். அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பொய் அல்ல, பழையது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் தட்டின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா அடங்கும். அங்கே படிக்கும் வேகம் அதிகம். பார்ட்டிஷன் வெளி விளிம்பிலிருந்துதான் தொடங்கும். ஆகவே சிறியதாக ஒரு சி டிரைவை முதலில் வைத்தால் விண்டோஸ் முழுக்க வேகமான பகுதியிலேயே அடங்கிவிடும், ஹெட் அலைய வேண்டிய தூரமும் குறையும். அன்று பார்ட்டிஷன் என்பது நிலத்தில் போட்ட வரப்பு. எஸ்எஸ்டியில் அது பத்திரத்தில் எழுதிய எல்லை மட்டும். இயங்குதளம் "பத்து லட்சமாவது செக்டரில் இதை எழுது" என்று சொன்னால், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அதைத் தனக்குத் தோதான ஏதோ ஒரு சிப்பில், காலியாக இருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, எந்த எண் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். நாளை அதே செக்டரைத் திருத்தி எழுதினால் பழைய இடத்தில் எழுதாது. ஃபிளாஷ் மெமரியில் அழிக்காமல் மேலெழுத முடியாது, அழிப்பதோ பல எம்பி அளவுள்ள பெரிய பிளாக்குகளாகத்தான் நடக்கும். புதிய பக்கத்தில் எழுதி, அட்டவணையைத் திருத்தி, பழைய பக்கத்தைச் செல்லாது என்று குறித்து வைக்கும். எழுதும் தேய்மானத்தை எல்லாச் சிப்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அதன் வேலைதான். உங்கள் சி, டி, இ எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு பார்ட்டிஷனில் அதிகம் எழுதினால் "அந்தப் பகுதி" மட்டும் தேயும் என்ற பயமும் வேண்டாம். அப்படி ஒரு பகுதி சிப்பில் கிடையவே கிடையாது.

"டி டிரைவில் வைத்தால் பத்திரம்" என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். விண்டோஸை அழித்து மறுபடி போடும்போது டி டிரைவில் உள்ளது தப்பும். அந்த அளவுக்கு உண்மை. எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் செத்துப்போனால் எல்லா டிரைவும் ஒன்றாகவே போகும். ஹார்ட் டிஸ்க்கைப் போலக் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கவும் செய்யாது. டிரிம் (எந்த இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) வேலை செய்துவிட்ட இடத்திலிருந்து அழிந்த கோப்பை மீட்பதும் பெரும்பாலும் நடவாத காரியம். எனவே இன்னொரு பார்ட்டிஷனை பேக்கப் என்று நினைக்காதீர்கள். கீழே சொல்லும் எதையும் தொடும் முன்பு, டேலி கம்பெனி டேட்டா உட்பட இழக்க முடியாததை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

அப்படியானால் பிரிக்கவே வேண்டாமா? தேவைக்குப் பிரிக்கலாம். ஒரு பார்ட்டிஷனைத் தனியாக வைக்க நியாயமான காரணங்கள் குறைவு: அதற்கு வேறு ஃபைல் சிஸ்டம் வேண்டும், அல்லது மற்றதை அழித்துப் போடும்போது இது தப்ப வேண்டும், அல்லது அது நிரம்பி வழிந்தாலும் மற்றது நின்றுவிடக் கூடாது. இவற்றில் எதுவும் இல்லாமல் போடும் ஒவ்வொரு கோடும் என்றாவது ஒரு நாள் "இங்கே 40 ஜிபி காலி, அங்கே இடமே இல்லை" என்று நிறுத்தும்.

இப்போது உங்கள் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் சி டிரைவோடு இன்னும் சில சிறு துண்டுகள் தெரியும். முதலில் இருப்பது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்; ஃபேட்32 ஃபைல் சிஸ்டம், 100 எம்பி அல்லது 260 எம்பி இருக்கும். கணினியை ஆன் செய்ததும் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) தேடிப் போவது இதைத்தான். அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்று ஒன்று உண்டு; டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது. பிறகு சி. கடைசியில் ரிகவரி பார்ட்டிஷன். சில நூறு எம்பியிலிருந்து 1 ஜிபிக்கு மேல் வரை இருக்கலாம், தயாரிப்பு நிறுவனம் தன் பங்குக்கு இன்னொன்றும் சேர்த்திருக்கலாம். இவற்றில் எதையும் "சும்மா கிடக்கிறது" என்று அழிக்காதீர்கள். ரிகவரி பார்ட்டிஷன் சிறுத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஓர் அப்டேட்டே சாட்சி: அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாத கணினிகளில் எல்லாம் அது நிறுவ மறுத்து பிழை எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யப் பலர் கட்டளை வரியில் பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்க வேண்டிவந்தது.

டிஸ்க் 512 ஜிபி, விண்டோஸில் 476 தான் தெரிகிறதே என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் கணக்கில் 1 ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவது, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். எழுத்து ஒன்று, எடை வேறு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: உபுண்டு தயாரிப்பாளர் கணக்கைப் பின்பற்றும். விண்டோஸில் 240 ஜிபி என்று நீங்கள் விட்டுவைக்கும் இடம் உபுண்டு இன்ஸ்டாலரில் 257 ஜிபிக்குச் சற்று மேலே காட்டும். தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று அங்கே போய்த் திகைக்காதீர்கள்.

இனி சுருக்குவதற்கு முன்பு செய்ய வேண்டியவை. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 முன்பே நிறுவப்பட்டு வரும் பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததும் இது தானாக ஆன் ஆகிவிடும். 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளிலும் அப்படித்தான். புரோ பதிப்பில் இதே வேலையை பிட்லாக்கர் என்ற பெயரில் பார்ப்பீர்கள். ஆன் ஆகியிருப்பது தப்பில்லை. ஆனால் பயாஸில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் வசதி) டிஸ்க் கன்ட்ரோலர் முறையையோ மாற்றினாலும், சில மடிக்கணினிகளில் எந்த இயங்குதளம் என்று கேட்கும் உபுண்டுவின் கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குள் போனாலும், நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் சி டிரைவில் உள்ளதை மறந்துவிட வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மடிக்கணினியில் சேமித்து வைப்பது பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைப்பது போல. என்கிரிப்ஷனை முழுக்க எடுத்துவிடலாமா என்றால், எடுத்தால் வேலை சுலபம். ஆனால் மடிக்கணினி தொலைந்தால் கணக்கு வழக்கு எல்லாம் அடுத்தவர் கையில். வேலை முடியும் வரை நிறுத்தி, பிறகு ஆன் செய்வது என் பரிந்துரை. நிறுத்தியதும் டிஸ்க் முழுக்க டீகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருங்கள்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்தில் இது இருக்கும், டிக்கை எடுத்துவிடுங்கள். இது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் என்பது உண்மையான ஷட் டவுன் இல்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே விடாது. வலுக்கட்டாயமாக எழுத வைத்தால் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். எஸ்எஸ்டியில் இந்த வசதியால் மிச்சமாவது சில நொடிகள். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவருக்கு இது வேண்டாத வம்பு.

சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கும் கருவிகள் உண்டு, ஆனால் என்கிரிப்ட் ஆன சி டிரைவில் அவற்றால் கை வைக்க முடியாது. சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தால் எத்தனை எம்பி குறைக்க வேண்டும் என்று கேட்கும். 240 ஜிபி வேண்டுமென்றால் 240ஐ 1024ஆல் பெருக்கி 245760 என்று இடுங்கள். இங்கேதான் பலருக்கு முதல் முட்டுக்கட்டை: 380 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் விண்டோஸ் 100 ஜிபிக்கு மேல் குறைக்க முடியாது என்று அடம்பிடிக்கும். காரணம், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பேஜ் ஃபைல் (விண்டோஸின் ஸ்வாப்), ஹைபர்நேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் எடுத்து வைத்த பிரதிகள், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பேஜ் ஃபைலை "நோ பேஜிங் ஃபைல்" என்று மாற்றி, ஹைபர்நேஷனை நிறுத்தி, சி டிரைவுக்கான சிஸ்டம் புரொடெக்‌ஷனை ஆஃப் செய்து பழைய பிரதிகளை அழித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம். 8 ஜிபி ராமில் பேஜ் ஃபைல் இல்லாத விண்டோஸ், பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். இவ்வளவு செய்தும் அசையவில்லையென்றால் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில் டிஃப்ராக் எழுதிய குறிப்பைப் பாருங்கள். எந்தக் கோப்பு தடுத்தது என்று பெயரோடு சொல்லும். இந்த வேலை நடக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். கரண்ட் போனால் பேட்டரி தாங்க வேண்டும்.

ஏன் 240? விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 64 ஜிபி. அது நிறுவ மட்டும், வாழ அல்ல. உங்களுக்கு இப்போது 90 ஆகியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தற்காலிகமாக இருபது முப்பது ஜிபி கேட்கும், டேலி டேட்டாவும் வளரும். 235 ஜிபி சி டிரைவுக்கு விட்டால் 145 ஜிபி மூச்சுவிடும் இடம் இருக்கும். இந்தப் பக்கம் உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி போதும் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் புரோகிராமிங் பழகுகிறவருக்கு அது போதாது. உங்கள் பழக்கம் நேர் எதிராக இருந்தால், அதாவது நாளின் முக்கால்வாசி விண்டோஸில்தான் கழியும் என்றால், 150 ஜிபி லினக்ஸுக்கு விடுவதும் தப்பில்லை. இந்த எண்களில் புனிதம் எதுவும் இல்லை.

லினக்ஸுக்குள் ரூட் (இயங்குதளமும் மென்பொருள்களும் இருக்கும் இடம்), ஹோம் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) என்று இரண்டு போதும். ரூட்டுக்கு 30 ஜிபி போதும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். இன்று அது நிரம்பி வழியும். ஸ்னாப், சிஸ்டம் முழுவதற்கும் நிறுவிய ஃபிளாட்பேக் (இரண்டும் மென்பொருள் தொகுப்பு வகைகள்), டாக்கர் இமேஜ்கள், எல்லாமே ரூட்டுக்குள் இருக்கும் வார் (/var) கோப்புறையில்தான் குடியேறும். டைம்ஷிஃப்ட் கருவியை வைத்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதுவும் வழக்கமாக ரூட்டிலேயே. ரூட் முழுக்க நிரம்பினால் லாகின் திரையைத் தாண்டாமல் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கும்; பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ரூட்டுக்கு இன்ஸ்டாலர் கணக்கில் 85 ஜிபி, மீதி 172 ஜிபி ஹோமுக்கு. ஹோமைத் தனியாக வைக்கச் சொல்வது, பழகும் காலத்தில் உபுண்டுவைக் கெடுத்து மறுபடி போட நேரும் என்பதால். அப்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து ஹோமை அப்படியே விட்டுவிடலாம். அப்படி மறுபடி போடப் போவதே இல்லை என்று தோன்றினால் ஒரே ரூட்டாக வைப்பதும் சரியான முடிவுதான். இரண்டும் லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 ஆக இருக்கட்டும். ஒரு சின்ன விஷயம்: எக்ஸ்ட்4 ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (கணினி நிர்வாகிக்கென்று) ஒதுக்கிவைக்கும். ரூட்டில் அது நல்லதே. ஹோமில் 8 ஜிபிக்கு மேல் வீணாகும். நிறுவிய பிறகு டியூன்2எஃப்எஸ் கருவியால் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்வாப் பற்றி நண்பர் சொன்னதற்கு வருவோம். ராமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் என்ற விதி, ராம் எம்பியில் இருந்த காலத்தது. உபுண்டு 17.04 முதல் தனி ஸ்வாப் பார்ட்டிஷனை விட்டுவிட்டு ரூட்டுக்குள் ஒரு ஸ்வாப் கோப்பை வைத்துக்கொள்கிறது. அதுவே உங்களுக்குப் போதும், 4 முதல் 8 ஜிபி வரை இருக்கலாம். ஆயுள் கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்: தினமும் 5 ஜிபி ஸ்வாப்பில் எழுதினாலும் ஆண்டுக்குச் சுமார் 1.8 டிபி (1800 ஜிபி). நல்ல டிஎல்சி வகை (ஒரு செல்லில் 3 பிட் எழுதுவது) 500 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள். மலிவான கியூஎல்சி வகையில் (4 பிட்) அது 110 டிபிக்கு இறங்குவதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஸ்வாப்பால் மட்டும் எஸ்எஸ்டி சாகும் முன்பு மடிக்கணினியின் கீல் உடைந்துவிடும். தனி ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டியிருப்பது ஹைபர்நேட் செய்வோருக்குத்தான். அவர்களுக்கு ராமின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக, 8க்கு 10 ஜிபி என்று வைக்கலாம். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது: செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் உபுண்டுவின் கெர்னல் ஹைபர்நேட்டை அனுமதிப்பதில்லை. ஆகவே செக்யூர் பூட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர் அந்த 10 ஜிபியை ஒதுக்கி எந்தப் பயனும் இல்லை.

டிஸ்க்கின் கடைசியில் 10 சதவீதத்தைப் பிரிக்காமல் விட்டால் எஸ்எஸ்டி வேகமாக இருக்கும் என்றும் படித்திருப்பீர்கள். இதன் அடிப்படை சரியானது: கன்ட்ரோலருக்குக் காலிப் பக்கங்கள் நிறைய இருந்தால் பழையதை ஒழுங்குபடுத்தும் வேலை குறையும். ஆனால் டிரிம் ஓடுகிற கணினியில் பார்ட்டிஷனுக்குள் காலியாக இருக்கும் இடமும் கன்ட்ரோலருக்குக் காலி இடம்தான். அதனால் வீட்டு உபயோகத்தில் இதனால் எவ்வளவு லாபம் என்பது எஸ்எஸ்டிக்கு எஸ்எஸ்டி மாறும். ஒரே எண்ணைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, கியூஎல்சி வகை எஸ்எஸ்டி விளிம்பு வரை நிரம்பினால் பெரிய கோப்புகளை எழுதும் வேகம் கண்கூடாக விழும் என்பதே. எந்தப் பார்ட்டிஷனிலும் 15, 20 சதவீதம் காலியாக வைத்திருங்கள். தனியாகக் கோடு போட்டு ஒதுக்க வேண்டாம்.

அலைன்மென்ட் (பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது என்பது) என்ற சொல்லைக் கண்டு பயப்படவும் வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி தன் முதலாவது பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும். ஃபிளாஷின் பக்க எல்லையோடு அது பொருந்தாததால் ஒருமுறை எழுதவே இரண்டு பக்கங்களைத் தொட வேண்டிவரும். விஸ்டா முதல் எல்லாமே 2048ஆவது செக்டரில், அதாவது சரியாக 1 எம்பியில் தொடங்குகின்றன. மிகப் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கவலை.

நிறுவும்போது உபுண்டு ஏற்றிய யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்ற சொல் முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியையே காட்டவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறை ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மெனுவின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் மாடல் எண் இல்லாமல் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று சுட்ட முடியாது. அதைச் சட்டென்று ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத் திரையில் நிற்கும். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் நேராக பயாஸுக்குப் போய் முறையை மாற்றி, விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழுப்புங்கள். அப்போது சரியான டிரைவர் ஏறிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டால் வழக்கம்போல வரும். இதைச் செய்யும்போது மேலே சொன்ன 48 இலக்க எண் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்ஸ்டாலரில் "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதைத் தவிர்த்து மேனுவல் முறைக்குப் போனால் டிஸ்க்கின் வரைபடம் தெரியும். என்விஎம்இ டிஸ்க் என்பதால் சாட்டா டிஸ்க்குகளுக்கு வரும் எஸ்டிஏ என்ற பெயர் இங்கே வராது. காலி இடம் சி டிரைவுக்கும் ரிகவரிக்கும் நடுவில் இருக்கும், அது இயல்புதான். அதில் ரூட், ஹோம் இரண்டையும் உருவாக்கி மவுன்ட் பாயின்ட் (லினக்ஸில் எந்தக் கோப்புறையாகத் தெரிய வேண்டும் என்பது) கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பூட் இஎஃப்ஐ (/boot/efi) என்ற மவுன்ட் பாயின்ட்டில் அமர்ந்திருக்கிறதா, அதற்கு எதிரே ஃபார்மட் டிக் இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் போய்விடும். 100 எம்பி போதுமா என்றால், உபுண்டுவுக்குப் போதும். உபுண்டுவின் பூட் கோப்புகளான ஷிம்மும் கிரப்பும் சேர்ந்து அங்கே எடுப்பது 10 எம்பிக்குள். கெர்னலையே அந்தப் பார்ட்டிஷனில் வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்குத்தான் 500 எம்பி, 1 ஜிபி என்று வேண்டும். இரண்டு எஸ்எஸ்டி உள்ள கணினியாக இருந்தால் பூட்லோடர் எந்த டிஸ்க்கில் எழுதப்படுகிறது என்ற வரியையும் கவனியுங்கள். தவறாகப் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ போனால், அதை எடுத்த மறுநாள் எதுவும் பூட் ஆகாது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு டேட்டா பார்ட்டிஷன் வேண்டுமா என்று அடுத்துத் தோன்றும். லினக்ஸால் சி டிரைவை நேரடியாகப் படிக்க முடியும் என்பதால் (டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் என்றால் ஒவ்வொரு முறையும் கீ கொடுக்க வேண்டும்) பலருக்கு அது தேவைப்படுவதில்லை. வேண்டுமென்றே வைத்தால் என்டிஎஃப்எஸ் ஆகவே வையுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை, எழுதும்போது கரண்ட் போனால் அடி அதிகம். ஆனால் புராஜெக்ட் கோப்புறைகளை அதில் வைத்துப் புரோகிராம் எழுத வேண்டாம். லினக்ஸின் கோப்பு அனுமதிகள் அங்கே ஒழுங்காக நிற்காது, பாதி கருவிகள் காரணம் புரியாமல் முரண்டு பிடிக்கும்.

பின்னால் லினக்ஸுக்கு இடம் போதவில்லை என்றால் சி டிரைவை மேலும் சுருக்கலாம். அப்போது கிடைக்கும் இடம் ரூட்டுக்கு இடது பக்கம் வரும். பார்ட்டிஷனின் வலது ஓரத்தை நீட்டுவது நொடிகளில் முடியும் வேலை. இடது ஓரத்தை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் நகலெடுத்து நகர்த்த வேண்டும். நடுவில் நின்றால் மீட்பது கடினம். அதைச் செய்வதைவிட அந்த இடத்தில் புதிதாக ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போட்டு ஹோமுக்குள் ஒரு கோப்புறையாக மவுன்ட் செய்துகொள்ளுங்கள். இப்படி அடிக்கடி மாற்றுவோம் என்று இப்போதே தெரிந்தால் எல்விஎம் (பல துண்டு இடங்களை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) வைத்துத் தொடங்குவது நல்லது. அதில் புது இடம் எந்தப் பக்கம் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்.

நிறுவிய பிறகு டிரிம் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். உபுண்டு எஃப்எஸ்டிரிம் டைமரை வாரம் ஒருமுறை தானாக ஓட்டும். விண்டோஸில் டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திரையில் சி டிரைவுக்கு எதிரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருந்தால் அங்கும் சரி. உபுண்டுவை லக்ஸ் என்ற லினக்ஸின் என்கிரிப்ஷனோடு நிறுவினால் மட்டும் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்டு என்ற சொல் இருக்கிறதா என்று சோதியுங்கள். அது இல்லாவிட்டால் டிரிம் பூட்டைத் தாண்டி எஸ்எஸ்டிக்குப் போய்ச் சேராது. என்றாவது உபுண்டு வேண்டாம் என்று முடிவு செய்தால், முதலில் பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, அதிலிருந்து விண்டோஸ் நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த இரண்டு பார்ட்டிஷன்களை அழியுங்கள். இந்த வேலைகளை முன்பின்னாக மாற்றிச் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் என்ற ஒரு சொல்லும் கர்சரும் மட்டும் தெரியும். அப்போதும் விண்டோஸ் அப்படியேதான் இருக்கும். பூட் மெனுவுக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.